சனசமூக நிலையத்தின் 2024ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, ஆலய பரிபாலன சபையினரே, மாதர் சங்கத்து அம்மாமாரே, தம்பி தங்கைமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

வழமையான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். வாசிகசாலைக்குப் பத்திரிகைகள் ஒழுங்காக வந்தன. பிள்ளைகளின் மாலை வகுப்பு நடந்தது. காற்றில் கிளம்பிய கூரைத் தகரங்களை மாற்றினோம். நவம்பர் கடைசி வாரத்து வெள்ளத்தில் சமைத்த சாப்பாடு கொடுத்தோம். விளையாட்டுப் போட்டி தள்ளிப்போனது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். இந்த வருடம் நாங்கள் மனம் வைத்துச் செய்த வேலை வேறொன்று. அதைப் பற்றித்தான் விரிவாகப் பேச வேண்டும்.

புரட்டாசியிலிருந்து கார்த்திகை வரை வன்னியில் காலபோக விதைப்பும் மாரியும். செத்துப்போன எங்கள் சனங்களை நினைக்கிற காலமும் அதுதான். சைவ வீடுகளில் மாளயம், கத்தோலிக்க வீடுகளில் நவம்பர் 2ஆம் திகதி மரித்தோர் திருநாள். இவ்வளவு காலமும் அவரவர் தங்கள் பாட்டில் செய்துவந்தோம். ஆவணிக் கூட்டத்தில் மாதர் சங்கத் தலைவி எழும்பி, "மற்ற நாட்டுச் சனங்கள் இதையெல்லாம் எப்படிச் செய்யினம்? பிள்ளைகளுக்கு ஒருக்கா சொல்லிக் குடுத்தால் என்ன?" என்று கேட்டார். அதிலிருந்து சில வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களை இதற்காகவே ஒதுக்கினோம்.

முதல் வகுப்பைத் தொலைபேசியில் எடுத்தவர், கொரியாவில் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் எங்கள் ஊர்ப் பொடியன். அங்கே எட்டாம் சந்திர மாதத்துப் பூரணையில் சூசொக் திருநாள். இந்த வருடம் செப்டெம்பர் 17இல் வந்தது. அன்று விடியப் புது அரிசியில் சமைத்து முன்னோருக்குப் படைப்பார்கள். ஊசியிலை பரப்பி அவித்த அரைச்சந்திர வடிவக் கொழுக்கட்டையும் உண்டு. ஆனால் எங்கள் ஆட்களுக்குப் பிடித்தது வேறு: திருநாளுக்குச் சில வாரம் முன்பே குடும்பமாகப் போய், புதைமேடுகளில் வளர்ந்த புல்லை வெட்டித் துப்புரவாக்கிவிடுவார்களாம். "அப்ப எங்கட சேமக்காலை?" என்று பின்வாங்கிலிருந்து ஒரு குரல் வந்தது. சேமக்காலை என்கிற எங்கள் கல்லறைத் தோட்டத்தைத் துப்புரவாக்கும் சிரமதானத்துக்கான தீர்மானம் அந்த இடத்திலேயே நிறைவேறியது.

புரட்டாசி அமாவாசை ஒக்டோபர் 2இல் வந்தது. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை ஐயர் வந்து மாளய பட்சத்தைப் பற்றிப் பேசினார். அந்தத் தேய்பிறை நாட்களில் இறந்தவரின் திதி பார்த்துச் செய்வது வழக்கம். ஆயுதத்தால் இறந்தவர்களுக்குச் சதுர்த்தசி. திதி தெரியாதவர்களுக்கு அமாவாசை. எங்கள் ஊரில் 2009ஆம் ஆண்டுப் போரில் போனவர்களின் திதியை யார் குறித்து வைத்தது? பங்கருக்குள் இருந்தவர்களுக்கு நாளும் தெரியாது, கிழமையும் தெரியாது. அமாவாசையன்று கோவில் மண்டபத்தில் இடம் போதவில்லை. எள்ளும் தண்ணீரும் இறைக்க வந்த பலர் இதுவரை ஒருநாளும் செய்யாதவர்கள்.

வராதவர்களும் இருந்தார்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் தாய்மார் அவர்கள். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20இல் தொடங்கிய போராட்டத்தில் இருந்தவர்களும் அவர்களில் உண்டு. "நான் எள்ளு இறைச்சால் பிள்ளை செத்துப்போச்சு எண்டு நானே ஒப்புக்கொண்டதாப் போயிடும்" என்று ஓர் அம்மா என்னிடம் சொன்னார். அவர் சொல்வது முழுக்கச் சரி. யாரையும் வற்புறுத்துவதில்லை, காணாமல் ஆக்கப்பட்ட எவரின் பெயரையும் இறந்தோர் பட்டியலில் சேர்ப்பதில்லை என்று செயற்குழு ஒருமனதாகத் தீர்மானித்தது.

அதற்கு அடுத்த வாரம் எங்கள் ஆசிரியை கம்போடியாவைப் பற்றிச் சொன்னார். அங்கே பௌத்தர்கள் கொண்டாடும் ப்சும் பென் பதினைந்து நாள் திருவிழா. முடிவது எங்கள் மாளய அமாவாசையை ஒட்டித்தான். விடியுமுன் இருட்டில் விகாரையைச் சுற்றி வந்து, எள்ளுக் கலந்த சோற்று உருண்டைகளை எறிவார்கள். நினைக்க உறவு இல்லாத ஆவிகளுக்கும் அதில் பங்கு உண்டு. 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் என்ற கம்யூனிச இயக்கத்தின் ஆட்சியில் அங்கே 15 லட்சத்திலிருந்து 20 லட்சம் வரையான சனங்கள் மாண்டார்கள். பலருக்குக் கல்லறையே இல்லை. அவர்களுடைய வீட்டாருக்கு இந்தப் பதினைந்து நாளும் எப்படி இருக்கும் என்று ஆசிரியை கேட்டபோது, எங்கள் அம்மாமாருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

மெக்சிக்கோ பிள்ளைகளுக்குப் பிடித்துப்போனது. இறந்துபோன குழந்தைகள் நவம்பர் 1இலும் பெரியவர்கள் 2இலும் வீட்டுக்கு வருவதாக அங்கே நம்பிக்கை. படம், மெழுகுதிரி, பாண், அவர்கள் விரும்பிச் சாப்பிட்டது எல்லாம் மேசையில் வைத்து, வழி தெரிவதற்காகத் துலுக்கச் செவ்வந்தி இதழ்களைத் தூவுவார்கள். அந்தச் செவ்வந்தியின் தாயகமும் மெக்சிக்கோதான். அதேபோல் ஒரு மேசையை வாசிகசாலையில் வைக்கப் பிள்ளைகள் கேட்டார்கள். பெரியவர்கள் சிலருக்கு அது பொருத்தமாகப் படவில்லை. எனக்கும்தான், எங்களுக்குப் படையல் இருக்கிறது. கடைசியில் சேமக்காலை வேலியோரம் செவ்வந்திக் கன்று நடுவதென்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம்.

சிரமதானம் ஐப்பசி மழைக்கு நடுவே நடந்தது. பார்த்தீனியமும் நாயுண்ணியும் இடுப்பளவு நின்றன. பற்றையை வெட்ட வெட்ட, இருப்பதே தெரியாத கல்லறைகள் வெளியே வந்தன. உப்புக்காற்றில் எழுத்து அழிந்த சிலுவை ஒன்றை ஓர் ஆச்சி தேங்காய்த் தும்பால் தேய்த்துக்கொண்டிருந்தார். சொந்தக்காரரா என்று கேட்டேன். "இல்லைப் பிள்ளை, இவவுக்கு இப்ப ஒருத்தரும் இல்லை. எல்லாம் சுனாமியோட போச்சுதுகள். நான் பக்கத்து வீடு" என்றார். நவம்பர் 2 பின்னேரம் பூசை முடிந்து கல்லறைகளை மந்திரித்தபோது, சைவக் குடும்பங்களும் மெழுகுதிரியோடு வந்தன. அந்த ஆச்சி கழுவிய சிலுவைக்கு முன்னால் மட்டும் ஏழெட்டுத் திரி எரிந்தது.

மாவீரர் நாளான நவம்பர் 27இல் உறுப்பினர்களில் பலர் கொட்டும் மழையில் மாவீரர் துயிலும் இல்லங்களுக்குப் போனபடியால் அன்று நிலையம் திறக்கவில்லை.

சபையின் முடிவுக்கு மூன்று விஷயங்களை வைக்கிறேன். ஒன்று, சேமக்காலைக்கும் சுடலைக்கும் போகும் ஒழுங்கையைக் கிரவல் போட்டுத் தரும்படி பிரதேச சபைக்கு எழுதுவது. இரண்டு, எழுத்து அழியுமுன் கல்லறைப் பெயர்களையும், கல்லறை இல்லாமல் போனவர்களின் பெயர்களையும் வீட்டாரின் சம்மதத்தோடு ஒரு பதிவேட்டில் எழுதுவது, க.பொ.த. உயர்தரப் பிள்ளைகள் இதைச் செய்யத் தயாராக இருக்கிறார்கள். மூன்று, வரும் ஐப்பசிச் சிரமதானத்தை மழை பிடிக்குமுன் புரட்டாசியிலேயே வைப்பது. மண்வெட்டியும் புல்வெட்டும் இயந்திரமும் தரக்கூடியவர்கள் கூட்டம் முடிந்ததும் உபசெயலாளரிடம் பெயர் கொடுக்கவும்.

செயலாளர்