கோடையிலும் ஒரு கையெழுத்து வேண்டும்

மதிப்பிற்குரிய பள்ளி மாவட்ட வாரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஆகஸ்ட் மாதம், பள்ளிப் பிள்ளைகள் கல்லூரிப் பாடம் படிப்பதற்கான ரன்னிங் ஸ்டார்ட் படிவத்தில் கையெழுத்துப் போட உங்கள் பள்ளியில் ஆள் இல்லை. அதனால் என் மகளுக்குக் கல்லூரியில் வேதியியல் வகுப்பு கைநழுவிப் போனது. உங்கள் கூட்டத்தில் பொதுமக்கள் பேசக் கிடைக்கிற சில நிமிடங்களில் இதைச் சொல்லி முடிக்க முடியவில்லை. அடுத்த வருடம் இதே படிவத்தோடு அலையப்போகிற தமிழ்ப் பெற்றோரும் படிக்கட்டும் என்று தமிழிலேயே எழுதுகிறேன். ஆங்கிலப் படி தனியாக உங்களுக்கு வந்து சேரும்.

ரன்னிங் ஸ்டார்ட் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வாஷிங்டன் மாநிலம் 1990-லேயே சட்டம் போட்டுக் கொண்டுவந்த திட்டம். பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கம்யூனிட்டி காலேஜுக்கோ (இரண்டு வருட உள்ளூர் அரசுக் கல்லூரி), இந்தத் திட்டத்தில் சேர்ந்திருக்கிற அரசுப் பல்கலைக்கழகத்துக்கோ போய்ப் படிக்கலாம். ஒரே பாடத்துக்குப் பள்ளியிலும் கிரெடிட் (பாடத்தை முடித்ததற்கான மதிப்புப் புள்ளி), கல்லூரியிலும் கிரெடிட். கல்லூரியில் ஒரு காலாண்டு படிக்கிற 5 கிரெடிட் பாடம், பள்ளியில் ஒரு முழு வருடப் பாடத்துக்குச் சமம். படிப்புக் கட்டணம் கிடையாது, புத்தகமும் சில்லறைக் கட்டணங்களும்தான் நம் செலவு. பிள்ளைகளுக்குப் பேருந்தும் 2022 செப்டம்பரிலிருந்து இலவசம். மாநிலம் தன் பங்கைச் செய்துவிட்டது. நின்றுபோனது உங்கள் வாசலில்தான்.

நடந்ததைச் சொல்கிறேன். மகள் இந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு. ஆங்கிலம் கல்லூரியில், மற்றதெல்லாம் பள்ளியில் என்று ஜூன் மாதமே திட்டம் போட்டு, பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் பள்ளிக் கவுன்சிலரின் கையெழுத்தோடு ரன்னிங் ஸ்டார்ட் படிவமும் கொடுத்தாயிற்று. ஆகஸ்டில் புது டைம்டேபிள் வந்தது. அவள் எடுத்திருந்த உயர்நிலை வேதியியல் வகுப்பை, போதிய பிள்ளைகள் சேரவில்லை என்று பள்ளி ரத்து செய்திருந்தது. சரி, அது உங்கள் சிரமம், புரிகிறது. "கல்லூரியில் எடுத்துக்கொள்ளலாமே" என்று யோசனை சொன்னதும் பள்ளி அலுவலகம்தான். நல்ல யோசனை. அன்றைக்குக் கல்லூரியின் இணையதளத்தில் வேதியியல் 161-க்கு இடம் இருந்தது.

ஆனால் பள்ளி வகுப்பு ஒன்று குறைந்தால் கல்லூரியில் எத்தனை கிரெடிட் எடுக்கலாம் என்ற கணக்கு மாறும். கணக்கு மாறினால் புதுப் படிவம். அதில் மாணவி, பெற்றோர், கவுன்சிலர் மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் இரண்டும் அன்று மாலையே ஆயிற்று. கவுன்சிலருக்கு அனுப்பிய மறு நிமிடம் தானியங்கிப் பதில் வந்து விழுந்தது: விடுமுறையில் இருக்கிறேன், ஆகஸ்ட் கடைசி வாரம் திரும்புவேன், அவசரமென்றால் அலுவலகத்தை அணுகவும். அலுவலகத்தை அணுகினோம். "கவுன்சிலர்தான் போடணும்" என்றார்கள். மாவட்ட அலுவலகத்தில் கேட்டால் "பள்ளியைக் கேளுங்கள்." கல்லூரியிலோ, படிவம் இல்லாமல் சேர்த்தால் முழுக் கட்டணம் நீங்கள்தான் கட்ட வேண்டும் என்று பணிவாகச் சொன்னார்கள். மகள் காலையில் எழுந்ததும் பல் தேய்க்கும் முன் அந்தப் பக்கத்தைத் திறந்து எத்தனை இடம் மிச்சம் என்று பார்ப்பாள். பத்துக்கு மேல் இருந்தது மூன்றானது, அப்புறம் காத்திருப்போர் பட்டியல் என்றது. கவுன்சிலர் திரும்பிய அன்றே கையெழுத்துப் போட்டுவிட்டார். அவர் மேல் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை, சம்பளம் இல்லாத நாட்களில் அவர் ஏன் வேலை பார்க்க வேண்டும்? ஆனால் பட்டியல் நகரவே இல்லை.

வேதியியல் 161, 162, 163 மூன்றும் வரிசையாகப் படிக்க வேண்டியவை, காலாண்டுக்கு ஒன்று. இலையுதிர்காலத்தில் முதல் படியைத் தவறவிட்டவள் ஜூனுக்குள் மூன்றையும் முடிக்க வழியில்லை. ஒரு வாரக் கையெழுத்து ஒரு வருடத்தைத் தின்றுவிட்டது.

ஆகவே நான் கேட்பது இதுதான். கோடை முழுவதும், மாவட்டத்தில் ஒரே ஒருவருக்காவது இந்தப் படிவத்தில் கையெழுத்திடும் அதிகாரம் கொடுங்கள். அவர் பெயரையும் மின்னஞ்சலையும் இணையதளத்தில் போடுங்கள். மூன்று வேலை நாளுக்குள் பதில் என்று விதி வையுங்கள்.

பணம் இல்லை என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். ஒரு ரன்னிங் ஸ்டார்ட் மாணவருக்காக மாநிலம் தருகிற தொகையில் 93 விழுக்காடு கல்லூரிக்குப் போகிறது, 7 விழுக்காட்டை மாவட்டம் வைத்துக்கொள்ளலாம் என்று சட்டமே சொல்கிறது. பிள்ளை படிப்பது அங்கே. இங்கே இருக்கிற வேலை ஆலோசனையும் இந்தக் காகிதமும்தான். அந்த 7 விழுக்காடும் கோடை விடுமுறைக்குப் போய்விடுகிறதா? 2023-க்குப் பிறகு கோடைக் காலாண்டிலும் பிள்ளைகள் இந்தத் திட்டத்தில் படிக்கலாம். மாநிலம் கோடையிலும் படிக்கக் கதவைத் திறந்து வைக்கிறது, நீங்கள் கோடையில் பேனாவைப் பூட்டி வைக்கிறீர்கள்.

எங்களுக்கு இது புதிதல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். கெஜட்டட் ஆபீசரின் பச்சை மைக் கையெழுத்துக்காக நாள்கணக்கில் வாசலில் நின்று சான்றிதழ் வாங்கிய தலைமுறை நாங்கள். அதிலிருந்து தப்பித்துத்தான் விமானம் ஏறினோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நுழைவாயிலில் "எதிர்காலத்துக்குத் தயார்" என்று பெரிய பதாகை கட்டியிருக்கிறீர்கள். எதிர்காலம் தயார்தான், கவுன்சிலர் திரும்பி வரட்டும் என்று காத்திருக்கிறது.

மன்னிக்கவும், பேச்சு எங்கோ போகிறது. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். நான் ஆபீசில் லீவு சொல்லிவிட்டு வந்து ஆங்கிலத்தில் வாதாட முடிந்தவள். பகலும் இரவும் ஷிப்டில் நிற்கிற பெற்றோரின் பிள்ளை என்ன செய்யும்? கல்லூரிக் கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்குத்தான் இந்தத் திட்டம் பெரிய வரம். அந்தப் பிள்ளை தானியங்கிப் பதிலைப் பார்த்ததும் பேசாமல் லேப்டாப்பை மூடிவிடும். உங்கள் கோப்பில் அது புகாராகக்கூடப் பதிவாகாது.

"ஏபி (பள்ளியிலேயே நடத்தும் கல்லூரித் தரப் பாடம்) எடுத்துக்கொள்ளலாமே" என்பார்கள். எடுக்கலாம், பள்ளியில் வகுப்பு நடந்தால். மே மாதத்து ஒரே தேர்வை நம்பி இருப்பதும், கல்லூரி ஆய்வகத்தில் நின்று படித்து மதிப்பெண் வாங்குவதும் வேறு வேறு. எது வேண்டும் என்று பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும். ஆள் இல்லாத நாற்காலி அதைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பள்ளி செமஸ்டரில் ஓடுகிறது, கல்லூரி காலாண்டில் ஓடுகிறது. உங்கள் முதல் செமஸ்டர் முடியும் முன்பே அங்கே குளிர்காலக் காலாண்டு தொடங்கிவிடும். ஒவ்வொரு காலாண்டுக்கும் புதுப் படிவம் வேண்டும் என்பதால் டிசம்பர் விடுமுறையிலும் இதே கதை நடக்கலாம். அந்த நாட்களுக்கும் சேர்த்தே ஒருவரை நியமித்தால் நல்லது.

உங்கள் அக்டோபர் கூட்ட நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கையெழுத்திட ஒருவர், மூன்று வேலை நாள், இணையதளத்தில் ஒரு பெயர். குளிர்காலப் பதிவு நவம்பரில் தொடங்கிவிடும் என்பதால் அதற்கு முன் முடிவெடுத்தால் உதவியாக இருக்கும். முடியாது என்றால், காரணத்தை எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா