வலிகாமத்துப் பிரதேச சபைகளுக்கு: குழிக்கும் கிணற்றுக்கும் இடையே அடிக்கணக்கு மட்டும் போதாது

வலிகாமம் வடக்கு, தெற்கு, மேற்கு, தென்மேற்கு, கிழக்குப் பிரதேச சபைகளின் மதிப்பிற்குரிய தவிசாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். வீடு கட்ட அனுமதி கேட்டு உங்களிடம் வரும் வரைபடத்தில் கிணறு ஓரிடத்திலும் மலசலகூடக் குழி இன்னோரிடத்திலும் குறிக்கப்பட்டிருக்கும். இரண்டுக்கும் இடையிலான தூரம் விதிப்படி இருந்தால் அனுமதி கிடைக்கும். இல்லாவிட்டால் குழியைக் காணியின் மற்ற மூலைக்குத் தள்ளச் சொல்வீர்கள். அந்த மூலைக்கு அப்பால், வேலியை ஒட்டி அயல் வீட்டுக் கிணறு இருக்கிறதா என்பது பெரும்பாலும் வரைபடத்தில் இருக்காது. அது ஒரு குறை, திருத்துவது சுலபம். நாங்கள் எழுதுவது அதைவிடப் பெரிய குறையைப் பற்றி. அயல் கிணறுகளையெல்லாம் குறித்து, தூரத்தைச் சரியாக அளந்து, விதியை எழுத்துப் பிசகாமல் பின்பற்றினாலும் வலிகாமத்து நிலத்தடி நீரில் நைத்திரேற்று, அதாவது கழிவிலும் உரத்திலும் உள்ள நைதரசனிலிருந்து உண்டாகும் உப்பு, ஏறிக்கொண்டுதான் இருக்கும். தூர விதி கிருமிக்காக எழுதப்பட்டது. நைத்திரேற்றுக்கு அது பொருந்தாது.

காரணம் நிலத்துக்குக் கீழே இருக்கிறது. எங்கள் செம்மண் மெல்லிய படை. அதன் கீழ் இருப்பது மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல், வெடிப்பும் பொந்துமாக அரிக்கப்பட்ட கல். நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் அந்தப் பொந்துகள் வெளியே தெரியும் இடங்கள். மணலிலோ களியிலோ தண்ணீர் மெல்ல ஊர்ந்து போகும். போகிற வழியில் கிருமிகள் வடிபட்டுச் சாகும். அப்படிப்பட்ட மண்ணில்தான் ஐம்பது அடி, நூறு அடி என்பதற்கு அர்த்தம் உண்டு. கல்வெடிப்பில் வடிப்பதற்கு ஒன்றும் இல்லை. ஒரு வெடிப்பு குழியின் அடியையும் கிணற்றின் ஊற்றையும் தொட்டுக்கொண்டு போனால், இடையில் எத்தனை அடி விட்டாலும் பயன் மிகக் குறைவு.

கிருமியையாவது குளோரின் போட்டோ கொதிக்கவைத்தோ கொல்லலாம். நைத்திரேற்று கரைந்த உப்பு. மண் துணிக்கைகள் அதைப் பிடித்து வைப்பதில்லை. இரண்டுக்கும் ஒரே வகை மின்னேற்றம், ஒன்றையொன்று தள்ளும். ஒட்சிசன் இல்லாத, சேதனப் பொருள் நிறைந்த இடத்தில் பக்றீரியாக்கள் அதை நைதரசன் வாயுவாக்கி விடும். காற்றோட்டமுள்ள சுண்ணாம்புக்கல்லில் அந்த வேலை பெரிதாக நடப்பதில்லை. கொதிக்கவைத்தால் தண்ணீர் ஆவியாகும், நைத்திரேற்று தங்கும், அதாவது செறிவு கூடும். புட்டிப்பால் கரைக்க நன்றாகக் கொதிக்கவைத்த கிணற்றுநீரைப் பாவிக்கும் தாய்க்கு இதை யாரும் சொல்வதில்லை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கே அது கூடிய ஆபத்து. குருதி ஒட்சிசனைக் காவும் திறனை இழந்து உடல் நீலம்பாரிக்கும்.

அடுத்தது, ஊரில் எல்லோரும் பெருமையாகச் சொல்லும் விடயம்: "எங்கட குழி இருபது வருஷமா நிரம்பவே இல்லை." மேசனும் அதைத் தன் கைராசியாகச் சொல்வார். பத்துப் பன்னிரண்டு அடி தோண்டி, றிங் இறக்கி, அடியைத் திறந்துவிட்டு, வாளியால் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார்கள். மளமளவென்று இறங்கினால் நல்ல குழி. உண்மையில் அது ஒரு வெடிப்பின் வாயில் வைத்த குழி. உள்ளே போனது அனைத்தும் நிலத்தடி நீருக்குப் போயிருக்கிறது என்பதற்கு நிரம்பாத குழியைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. நிரம்பும் குழிதான் ஓரளவு நல்ல குழி!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எங்கள் சாப்பாட்டில் வாழும் ஒருவரின் உடலிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 3 கிலோ நைதரசன் வெளியேறும். ஐந்து பேர் உள்ள வீட்டில் 15 கிலோ. முழுவதும் நைத்திரேற்றானால் 66 கிலோ. பாதி காற்றோடும் கசடோடும் போய்விட்டது என்று தாராளமாகவே கழித்து 33 கிலோ என்று வைப்போம். வீட்டுக் காணி இரண்டு பரப்பு, ஏறத்தாழ 500 சதுர மீற்றர். ஆண்டு மழை 1,200 மில்லிமீற்றர் அளவில், பெரும்பங்கு ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை. அதில் கால்வாசி நிலத்தடிக்கு இறங்குகிறது என்று கொண்டால் அந்தக் காணிக்குள் ஊறும் தண்ணீர் ஆண்டுக்கு 150 கன மீற்றர். 33 கிலோவை அதில் கரைத்தால் லீற்றருக்கு 220 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் எல்லை 50. அந்த எல்லைக்குள் நிற்க ஒரு குழிக்கு ஒன்பது பரப்புக் காணியின் மழை வேண்டும். காணிகளோ இரண்டாகவும் ஒன்றரையாகவும் துண்டாடப்படுகின்றன. கழிவின் அளவையும் ஊறலின் வீதத்தையும் நீங்கள் விரும்பியபடி மாற்றிப் பாருங்கள். நான்கு மடங்கு மூன்று மடங்காகலாம், எல்லைக்குள் வருவது கடினம். குழியை எந்த மூலைக்கு நகர்த்தினாலும் இந்தக் கணக்கில் ஒரு இலக்கமும் மாறாது.

தோட்டக்காரரைச் சும்மா விடுகிறோம் என்று நினைக்க வேண்டாம். 50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ நைதரசன் உண்டு. அதில் மூன்றில் ஒரு பங்கு இறைப்புத் தண்ணீரோடு வேருக்குக் கீழே போனால் அது ஒரு வீட்டுக் குழி ஓராண்டில் இறக்குவதற்குச் சமம். வெங்காயத்துக்கு யூரியா எறிந்த கையோடு பாத்தி நிரம்ப இறைப்பது அந்த மூன்றில் ஒன்றை இலகுவாகத் தாண்டச் செய்யும். கோழி எருவும் கணக்கில் சேர வேண்டும். "இயற்கை" என்பதால் நைத்திரேற்று குறைவதில்லை. ஆனால் உரம் கமநல சேவை நிலையங்களின் பொறுப்பு. குழி உங்கள் பொறுப்பு. அதனால்தான் மடல் உங்களுக்கு.

முதலில் அளந்து பாருங்கள். சபைக்குச் சொந்தமான பொதுக்கிணறுகள், சந்தைக் கிணறுகள், பாலர் பாடசாலைக் கிணறுகளிலிருந்து தொடங்கலாம். ஆண்டுக்கு இரண்டு தடவை: மாரி ஓய்ந்த தை மாதத்தில் ஒன்று, கோடை முடியும் ஆவணியில் ஒன்று. ஒரே தடவை எடுத்தால் ஏமாற்றும். முதல் மழை மண்ணில் சேர்ந்திருந்த நைத்திரேற்றைக் கழுவிக்கொண்டு இறங்கும்; கடும் மழை அதை ஐதாக்கும்; இரண்டும் வேறு வேறு கிழமைகளில் நடக்கும். போத்தலை அதே கிணற்றுநீரால் மூன்று தடவை அலசி, நீர்மட்டத்துக்கு ஓரடி கீழே நிரப்பி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, மறுநாளுக்குள் ஆய்வுகூடத்தில் கொடுக்க வேண்டும். கிருமிச் சோதனைக்குத் தனியே தொற்றுநீக்கிய போத்தல்.

அறிக்கை வந்ததும் முதலில் அலகைப் பாருங்கள். சில ஆய்வுகூடங்கள் நைத்திரேற்றாக எழுதும். சில நைத்திரேற்றிலுள்ள நைதரசனாக மட்டும் எழுதும். பின்னதை 4.43 ஆல் பெருக்கினால்தான் முன்னது வரும். 15 என்ற இலக்கத்தைப் பார்த்து "50க்குக் கீழ்தானே" என்று கோப்பை மூடிவிடலாம். அது நைதரசனாக எழுதப்பட்ட 15 என்றால் உண்மையில் 66. முடிவைக் கோப்பில் வைக்காமல் கிணற்றுக் கட்டில் திகதியோடு பெயின்ற்றால் எழுதிவிடுங்கள். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் 2019 இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரை போனதற்கு ஒரு காரணம், எண்ணெய் கண்ணுக்கும் மூக்குக்கும் பட்டது. நைத்திரேற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

இனி அனுமதிப் படிவம். தூரத்தை எடுத்துவிட வேண்டாம், கூடவே மூன்றைக் கேளுங்கள்: மலக்கழிவுத் தாங்கி அடியும் பக்கமும் ஒழுகாமல் அடைத்ததா, அதிலிருந்து வெளிவரும் நீர் எங்கே போகிறது, பவுசர் வந்து கசடு எடுக்க வழி இருக்கிறதா. ஐந்தாறு பேருக்கான தாங்கியின் உட்கொள்ளளவு 2.5 கன மீற்றருக்குக் குறையக் கூடாது. அடியிலும் பக்கங்களிலும் கொங்கிறீற். இரண்டு அறைகள், முதலாவது மூன்றில் இரண்டு பங்கு. இரண்டு மூடிகளும் திறக்கக்கூடியனவாக இருக்க வேண்டும். மேலே மாபிள் பதித்து மூடியே தெரியாமல் செய்துவிடும் வழக்கத்தை வரைபடத்திலேயே தடுக்கலாம். சோதனைக்குப் பெரிய கருவி வேண்டாம். வெளிக்குழாய் மட்டம் வரை தண்ணீர் நிரப்பி ஒரு நாள் விட வேண்டும். கொங்கிறீற் குடித்த அளவை மீண்டும் நிரப்பிப் பென்சிலால் ஒரு கோடு. இருபத்துநான்கு மணி நேரத்தின் பின் கோட்டிலிருந்து சில மில்லிமீற்றருக்கு மேல் இறங்கியிருந்தால் ஒழுக்கு இருக்கிறது. இதை மண் மூடுவதற்கு முன் செய்ய வேண்டும். வீடு கட்டி முடித்து அமைவுச் சான்றிதழ் கேட்டு வரும் வேளையில் தாங்கி மண்ணுக்குள்ளே இருக்கும், மேலே குறோட்டனும் நட்டிருக்கும்.

அடைத்த தாங்கி கட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று ஒப்பந்தகாரர் சொல்வார். முடியவில்லை. தாங்கி கசடைப் பிடிக்கும், நைதரசனில் சிறு பங்கை மட்டுமே பிடிக்கும். மீதி அமோனியாவாகத் தெளிந்த நீரோடு வெளியேறி, காற்றுள்ள மண்ணில் நைத்திரேற்றாகும். ஆகவே அந்த நீரை ஆழக் குழிக்கு விடாமல், வேர் எட்டும் இரண்டடிக்குள் மேலோட்டமான பாத்திக்கு விடச் சொல்லுங்கள். செம்மண் மூன்றடிக்குக் குறைந்து கல் தலைகாட்டும் காணிகளில் மண் கொண்டுவந்து மேட்டுப்பாத்தி அமைக்க வேண்டும். வாழை நட்டால் எல்லாவற்றையும் அது உறிஞ்சிவிடும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். சிறிய பாத்தி வாழை ஆண்டுக்கு எடுப்பது ஓரிரு கிலோ நைதரசன். வீடு விடுவது பதினைந்து. மேலும் மாரியில் பாத்தியே தண்ணீரில் நிற்கும்.

பெரிய குறைப்பு வேண்டுமென்றால் சிறுநீரைப் பிரிப்பதுதான் மிக மலிவான வழி. உடலிலிருந்து வெளியேறும் நைதரசனில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு சிறுநீரில்தான் இருக்கிறது. வீடுகளில் இதற்கு ஆட்கள் இப்போதைக்கு இணங்க மாட்டார்கள். அதை வற்புறுத்துவது வீண். ஆனால் பாடசாலை, பேருந்து நிலையம், சந்தை, கோயில் மடம், திருமண மண்டபம் ஆகியவற்றின் ஆண்கள் சிறுநீர்க்கூடங்கள் இப்போதே தனிக்குழாயில்தான் போகின்றன. அந்தக் குழாயைக் குழிக்கு விடாமல் மூடிய பிளாஸ்ரிக் தாங்கிக்குத் திருப்பினால் போதும். உலோகக் குழாய் கூடாது, அரித்துவிடும். இரண்டு அங்குலத்துக்குக் குறையாத குழாய், நல்ல சரிவு, முழங்கை வளைவுகள் குறைவு. இல்லாவிட்டால் உப்புப் படிந்து அடைக்கும். குழாயின் முனை தாங்கிக்குள் திரவ மட்டத்துக்குக் கீழே முடிந்தால் மணம் திரும்பி வராது. ஆறு மாதம் மூடி வைத்த பின் தென்னைக்கும் வாழைக்கும் விடலாம். இருபது லீற்றரில் ஏறத்தாழ கால் கிலோ யூரியாவின் நைதரசன் இருக்கிறது. அதைக் கோடையில், மரத்தைச் சுற்றிக் கீறிய வட்டத்தில் ஊற்றி மண்ணால் மூட வேண்டும், அந்தளவு யூரியாவையும் குறைக்க வேண்டும். மாரியில் ஊற்றினால் குழிக்கு விட்டதும் அதுவும் ஒன்றே.

விடுதிகள், மண்டபங்கள், தொடர்மாடிகளுக்குச் சுத்திகரிப்பு அலகு கேட்கிறீர்கள்; நல்லது. ஆனால் அனுமதி நிபந்தனையில் மொத்த நைதரசனையும் சேருங்கள். கழிவுநீரிலுள்ள சேதன அழுக்கைக் காட்டும் உயிரியல் ஒட்சிசன் தேவையை மட்டும் சோதித்தால், மின்கட்டணத்துக்குப் பயந்து காற்றூதியைப் பாதி நாள் நிறுத்தி வைக்கும் அலகும் சில வேளை தேறிவிடும். நைதரசனை அகற்ற, காற்றூட்டும் அறையும் காற்றில்லாத அறையும் இரண்டும் வேண்டும், ஒன்றிலிருந்து மற்றதற்கு நீர் சுழல வேண்டும்.

"குழாய் நீர் வந்துவிட்டதே, இனிக் கிணறு எதற்கு?" என்ற கேள்வி சபைகளில் எழும். 2024 இல் திறக்கப்பட்ட தாளையடிக் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கொள்ளளவு நாளுக்கு 24,000 கன மீற்றர். குடிக்க அது பெரிய ஆறுதல். தோட்டம் அதில் விளையாது. அதோடு, குழாய் நீர் வந்த வீட்டில் கழிவுநீர் குறைவதில்லை, கூடும். வாளியால் ஊற்றிய இடத்தில் பிளஷ் வரும், சமையலறைத் தண்ணீரும் உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்தின் தண்ணீரும் அதே குழிக்கே திரும்பும். திறந்த அடியுள்ள குழிக்கு இந்தத் தண்ணீர் இன்னும் வேகமாக வழி திறக்கும். குழாய் இணைப்புக் கொடுக்கும் நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையோடு பேசி, இணைப்பு விண்ணப்பம் வரும்போதே அந்த வீட்டுக் குழியின் நிலையைப் பதிவு செய்துவிடுங்கள். இப்போது இருக்கும் குழிகளின் இடாப்பு உங்கள் கைக்கு வர இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

கடல்நீர் பற்றி ஒரு சொல். நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நின்றால் அதன் கீழ் நாற்பது அடி வரை நன்னீர் நிற்கும் என்பது கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழிருந்து உவர் அந்த நாற்பது அடியும் ஏறும். நைத்திரேற்றுக்குப் பயந்து ஆழக் குழாய்க்கிணறு அடிக்கப் போகிறவர்கள் சவருக்குள் இறங்குவார்கள். அந்த வழியை அனுமதிக்க வேண்டாம். அதேபோல, மழைநீர் சேமிப்பு என்ற பெயரில் வீதி வெள்ளத்தைப் பழைய கிணற்றுக்குள் திருப்புவதையும் நிறுத்துங்கள். கூரைநீரை மணல் வடியினூடாக விடலாம். வீதிநீரில் எண்ணெயும் மலக்கழிவும் வரும்.

பவுசருக்குத் திரும்புவோம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எல்லா அடைத்த தாங்கிகளிலும் கசடு எடுக்க வேண்டும். ஆட்கள் கூப்பிடும்போது மட்டும் போவதென்றால் நிரம்பி வழிந்த வீடுகளுக்கே போக வேண்டிவரும். கட்டணத்தைச் சோலைவரியோடு சிறுகச் சிறுகச் சேர்த்து வசூலித்து, வட்டாரம் வட்டாரமாக நாள் குறித்துப் போகலாம். எடுத்த கசடை எங்கே கொட்டுவது என்பதற்கு ஐந்து சபைகளும் சேர்ந்து அடி கட்டிய ஓர் உலர்த்துப் படுக்கை அமைத்தால் போதும். தனித்தனியே அமைப்பது வீண்செலவு. அடி கட்டாத காணியில் கொட்டினால் நூறு குழிகளை ஒரே இடத்தில் திறந்ததாகும்.

வரும் பாதீட்டில் நான்கு செலவுகளைச் சேர்க்கும்படி கேட்கிறோம்: பொதுக்கிணறுகளுக்கு ஆண்டுக்கு இரண்டு நைத்திரேற்றுச் சோதனை, மண் மூடுமுன் தாங்கியைப் பார்க்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கான போக்குவரத்து, சபைக்குச் சொந்தமான சிறுநீர்க்கூடங்களுக்குத் தனித் தாங்கி, கூட்டு உலர்த்துப் படுக்கைக்கான பங்கு. படிவத்தை மாற்றக் காசு தேவையில்லை. அடுத்த மாதாந்தக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போதும். சோதனையில் 50ஐத் தாண்டும் கிணறுகளின் பட்டியலை அன்றே சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்புங்கள். கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு மாற்று நீர் கொடுப்பதை அவர்கள் அந்தக் கிழமையே தொடங்கலாம்.

இப்படிக்கு,
நிலத்தடி நீர், கழிவுநீர்த் தொழில்நுட்பத் துறைகளில் பணிபுரியும் வலிகாமத்தார் சிலர்