ஒரே பெர்த்துக்கு ரெண்டு டிக்கெட்: ‘சிஸ்டம் மிஸ்டேக்’னு சொல்லி அனுப்பாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளி முடிஞ்சு எங்கம்மாவ சென்னைக்கு அனுப்ப மாட்டுத்தாவணில ஆம்னி பஸ் ஏத்தி விட்டேன், மூட்டு வலின்னு கீழ் பெர்த்தா பாத்து ஒரு வாரம் முன்னாடியே புக் பண்ணது, ஏறிப் பாத்தா அதே பெர்த்துல ஒரு காலேஜ் பொண்ணு உக்காந்திருக்கு, அது கையிலயும் அதே நம்பர் டிக்கெட்டு. ரெண்டு பேருமே காசு கட்டுனவங்க. கடைசில எங்கம்மா டிரைவர் பக்கத்துல இருந்த குட்டி சீட்டுல விடிய விடிய உக்காந்தே போனாங்க. ஆபீஸ்ல கேட்டா “சிஸ்டம் மிஸ்டேக் சார், நாங்க என்ன பண்றது”ன்னு முடிச்சுட்டாங்க. நான் பதினோரு வருசமா சாப்ட்வேர் வேலை பாக்குறேன். இது எழுதுன ஆளு விட்ட ஓட்டை, அடைக்க முடியுற ஓட்டை, அதான் மனசு ஆறாம எழுதுறேன்.

புக்கிங் சர்வர்ல ஒரே நேரத்துல பல திரெட் ஓடும், திரெட்னா புரோகிராமுக்குள்ள தனித்தனியா ஓடுற வேலை. ஒண்ணு “இந்த பெர்த் காலியா”ன்னு பாக்குது, காலி. அது பேர எழுதுறதுக்குள்ள இன்னொரு திரெட்டும் பாக்குது, அதுக்கும் காலின்னுதான் தெரியும், ரெண்டும் எழுதிருது. மில்லி செகண்டு கணக்குல நடக்குறதால சாதாரண நாள்ல அபூர்வமாத்தான் வரும், கூட்டம் அள்ளுற அன்னைக்குத்தான் அதிகமா வரும்.

எங்க ஊரு உசிலம்பட்டி பக்கம். கூட்டுக் கிணத்துல மோட்டார் ரூம் சாவி யார் கையில இருக்கோ அவங்கதான் தண்ணி பாய்ச்சுவாங்க, முடிச்சதும் சாவி அடுத்த பங்காளிக்குப் போயிரணும். புரோகிராம்ல லாக்குங்கிறது அந்த சாவிதான். ஒரு நேரத்துல ஒருத்தர்தான் உள்ள போகணும்ங்கிறதுக்கு டைக்ஸ்ட்ராங்கிற கம்ப்யூட்டர் விஞ்ஞானி 1965லயே வழி எழுதி வச்சுட்டாரு.

ஆனா லாக் போட்டா மட்டும் போதாது, இதுல நானே அடிபட்டிருக்கேன். ஒரு மளிகை மொத்தக் கடைக்கு பில்லிங் எழுதிக் குடுத்தேன், ரெண்டு கவுண்டர்ல ஒரே சரக்குக்கு பில் போட்டா ஸ்டாக் மைனஸ்ல போயிருச்சு. ஸ்டாக் எவ்வளவுன்னு பாக்குற பங்ஷனுக்கு (புரோகிராம்ல ஒரு வேலைய செய்யுற துண்டு) லாக், குறைக்குற பங்ஷனுக்கும் அதே லாக் போட்டுட்டு சரியாயிருச்சுன்னு இருந்தேன், ஆகல. ஏன்னா பாத்த ஒடனே சாவிய விட்டுட்டு, அப்புறம் திரும்ப வாங்கித்தான் குறைக்குறேன், அந்த இடைவெளில அடுத்த கவுண்டர் புகுந்துருது. பாக்குறதையும் குறைக்குறதையும் சேத்து ஒரே லாக்குக்குள்ள வச்ச பிறகுதான் நின்னுச்சு. ஜாவா மொழில கன்கரன்ட் ஹேஷ்மேப் (பல திரெட் ஒரே நேரத்துல தொட்டாலும் கெடாத டேட்டா பட்டியல்) போட்டுட்டா கவலை இல்லன்னு நெனைக்கிற தம்பிகளும் இதே எடத்துலதான் மாட்டுவாங்க. நடுவுல எர்ரர் வந்தா லாக்க விடாமயே வெளிய போயிருவோம், சாவி ஒருத்தர் சட்டைப்பையோட ஊருக்குப் போன மாதிரி, அதனால விடுறத ‘ஃபைனலி’ (finally) பகுதில, அதாவது எர்ரர் வந்தாலும் ஓடுற எடத்துல எழுதணும். ரெண்டு லாக் எடுக்கணும்னா எல்லா எடத்துலயும் ஒரே வரிசைல எடுக்கணும், இல்லாட்டி ஆளுக்கு ஒரு சாவிய வச்சுக்கிட்டு அடுத்தவர் சாவிக்கு காத்துக் கெடப்பாங்க.

சர்வர் ரெண்டு மூணு இருந்தா புரோகிராமுக்குள்ள போடுற லாக் பத்தாது, ஒரு சர்வர் லாக் இன்னொண்ணுக்குத் தெரியாது. டேட்டாபேஸ்லயே பஸ், தேதி, சீட் மூணும் சேந்து ரெண்டாவது தடவ ஏறக்கூடாதுன்னு ‘யூனிக்’ங்கிற விதி போட்டுட்டா அந்த ரெண்டாவது டிக்கெட் வரவே வராது. ரெண்டு வரி வேலைங்க இது.

சின்ன விசயம்னு நெனைக்காதீங்க. 2003 ஆகஸ்ட் 14 அமெரிக்காவுலயும் கனடாவுலயும் சுமார் 5 கோடி பேருக்கு கரண்ட் போச்சு, லைன்ல மரம் பட்டதுன்னு வேற காரணமும் உண்டு, ஆனா ஓஹையோ கன்ட்ரோல் ரூம்ல அலாரம் அடிக்காமப் போனது, ஒரே டேட்டாவுல ஒரே நேரத்துல ரெண்டு புராசஸ் எழுதப் போய் அந்த சாப்ட்வேர் சிக்கி நின்னதாலதான்.

பஸ் ஓனர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் புக்கிங் தொறக்குறதுக்கு முன்னாடி உங்க சாப்ட்வேர்காரர கூப்பிட்டு, ஒரே சீட்டுக்கு நூறு பேரு ஒரே நேரத்துல அடிச்சா எத்தனை டிக்கெட் வருதுன்னு உங்க கண்ணு முன்னாடி ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. ஒண்ணுக்கு மேல வந்தா புக்கிங்க தொறக்காதீங்க.

இப்படிக்கு,
ஒரு புரோகிராமர்,
உசிலம்பட்டி.