வேலியில் கை வைக்காதே

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று நீ போட்ட சத்தத்துக்குப் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். பேசினால் குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன். முழுசாகப் படி.

பத்திரம் நம் பேரில், பட்டா நம் பேரில், பொக்லைனை விட்டு ஒரே ராத்திரியில் வேலியைப் பிடுங்கி எறியச் சொல்கிறாய். முதல் வாரம் நானும் அப்படித்தான் நினைத்தேன். கடப்பாரையை எடுத்துத் திண்ணையில் சாத்திக்கூட வைத்தேன். வக்கீல்தான் தடுத்தார். உன் அக்கா பிரசவத்துக்கு நான் போயிருந்த நேரம் பார்த்துத்தான் உன் பெரியப்பா மகன் நம் நிலத்தில் கம்பி வேலி போட்டான். அன்றைக்கே தடுத்திருந்தால் வேறு. இப்போது நாலு மாதம் தாண்டிவிட்டது, உழுது விதைத்தும் விட்டான். இனி நாம் கை வைத்தால், தன் சுவாதீனத்தில், அதாவது தன் அனுபவத்தில், இருந்ததைப் பறித்துவிட்டோம் என்று அவனே நம் மேல் பிராது கொடுப்பான். ஜெயித்தாலும் ஜெயிப்பான்.

அதே வழக்கைத்தான் நாம் அவன் மேல் போடப் போகிறோம். 1963ஆம் வருஷத்துக் குறிப்பிட்ட பரிகாரச் சட்டம், 6ஆம் பிரிவு. சம்மதமும் இல்லாமல் சட்ட வழியும் இல்லாமல் ஒருவரை நிலத்தைவிட்டு வெளியேற்றினால், ஆறு மாதத்துக்குள் கோர்ட்டுக்குப் போக வேண்டும். நிலம் யாருடையது என்ற கேள்வியே அதில் வராது. யார் அனுபவத்தில் இருந்தார், யார் எப்படி வெளியேற்றினார், அவ்வளவுதான். தாத்தா வாய்வார்த்தையாகப் பாகம் பிரித்தார் என்று அவன் அளக்கிற கதைக்கு அங்கே வேலை இல்லை. தீர்ப்புக்கு அப்பீலும் கிடையாது, ஹைகோர்ட்டில் சீராய்வு மட்டும் போடலாம். ஆறு மாதத்தைத் தவறவிட்டால் பத்திரத்தை வைத்து 12 வருஷத்துக்குள் வழக்குப் போடலாம்தான். ஆனால் அதில் அவன் கதை முழுக்கக் கேட்பார்கள், முதல் அப்பீல், இரண்டாம் அப்பீல் என்று உன் மகன் காலேஜ் முடிக்கிற வரைக்கும் இழுக்கும். இந்த 6ஆம் பிரிவு வழக்கும் சீக்கிரம் முடியும் என்று நான் நம்பவில்லை. வாய்தா வாய்தாதான்.

பட்டா பட்டா என்கிறாயே, அது ரெவின்யூ கணக்கு. அதை மட்டும் வைத்து உரிமையை நிரூபிக்க முடியாது என்று கோர்ட்டுகள் எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. இந்த வழக்கில் அதைவிட அடங்கல் என்கிற பயிர்க் கணக்குதான் பேசும். எந்தப் பசலியில், அதாவது எந்த ரெவின்யூ வருஷத்தில், என்ன பயிர் என்று வி.ஏ.ஓ. எழுதியிருப்பார். நகல் வாங்கிவிட்டேன். ஒரு பசலியில் மட்டும் ‘தரிசு’ என்றிருக்கிறது. உன் அப்பா படுக்கையில் கிடந்த வருஷம் அது. குறுக்கு விசாரணையில் அதைப் பிடித்துக்கொண்டுதான் என்னை ஆட்டப் போகிறார்கள். பரவாயில்லை, கூண்டில் நின்று சொல்லிக்கொள்கிறேன், ஏன் உழவில்லை என்று.

நீ செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அப்பா படுக்கையில் விழுந்ததற்கு முந்தின வருஷம் லீவில் வந்தபோது, எல்லைக் கல்லுப் பக்கம் அப்பாவை நிற்க வைத்துப் படம் எடுத்தாயே, பின்னால் மோட்டார் ரூமும் பயிரும் தெரியும்படி? வாட்ஸப்பில் அனுப்பினால் மட்டும் போதாதாம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு சான்றிதழ் கேட்கிறது. கருவியை வைத்திருப்பவரும் ஒரு நிபுணரும் கையெழுத்துப் போட வேண்டும். அதனால் அந்தப் பழைய போனை விற்றுவிடாதே, யாருக்கும் கொடுத்துவிடாதே. படத்தை வெட்டி ஒட்டி அழகு பண்ணவும் வேண்டாம்.

அவனுக்கு மெசேஜ் எதுவும் அனுப்பாதே. நேற்று என்னிடம் பேசியதில் பாதியை அவனுக்கு எழுதியிருந்தால் போதும், பிரிண்ட் போட்டுக் கோர்ட்டில் கொடுத்துவிடுவான்.

கெடு முடிய இன்னும் 51 நாள் இருக்கிறது. வக்கீல் பிராது எழுத ஆரம்பித்துவிட்டார். கடப்பாரையை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். போன் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் இன்றைக்கே சொல்லு.

இப்படிக்கு,
அம்மா