ஜன்னலுக்கு வெளியே நிற்பவர்

அன்புள்ள மகளுக்கு,

இந்த ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வர இயலாது என்று நீ எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, அடுத்த வரியில் நீ கேட்டிருந்த கேள்விக்கு வந்து சேர எனக்குச் சற்று நேரம் பிடித்தது. அறையில் தனியாக இருக்கப்போகும் அந்த ஐந்தாறு நாட்களில் எந்தெந்தப் படங்களைப் பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறாய். பட்டியல்கள் எங்கும் கிடைக்கும். அப்படியிருந்தும் அப்பாவிடம் கேட்கத் தோன்றியதே என்று மகிழ்ந்து, இரண்டு நாள் யோசித்து இதை எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸ் படம் என்று பெயர் வாங்கியவற்றில் நல்லதைத் தேர்ந்தெடுக்க நான் ஓர் அடையாளம் வைத்திருக்கிறேன். விளக்கெரியும் வீட்டுக்கு வெளியே, பனியில் யாராவது ஒருவர் தனியாக நிற்கிறாரா, படம் எடுத்தவர் அவரைக் கவனித்திருக்கிறாரா என்று பார்ப்பேன். ஆண்டுதோறும் தொலைக்காட்சிக்கென்றே எடுக்கப்படும் பல படங்களில் மரமும் விளக்கும் பரிசுப் பொட்டலங்களும் குறைவின்றி இருக்கும். ஆனால் அவற்றில் யாருக்கும் குளிர்வதே இல்லை, ஆகவே முடிவில் அவர்களுக்குக் கிடைக்கும் கதகதப்பு நமக்கு உறைப்பதும் இல்லை.

முதலில் ஃப்ராங்க் காப்ரா 1946இல் எடுத்த ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’. கறுப்பு வெள்ளைப் படம், இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஓடும் என்று கல்லூரி நாட்களில் நீ பாதியில் எழுந்து போனது நினைவிருக்கிறது. இம்முறை எழுந்து போகாதே. உலகம் சுற்ற வேண்டும் என்ற ஆசையோடு வளர்ந்த ஜார்ஜ் பெய்லி, ஒவ்வொரு முறை புறப்படும்போதும் யாரோ ஒருவருக்காக நின்றுவிடுகிறான்; தேனிலவுக்கு வைத்திருந்த 2,000 டாலரைக்கூட, அவன் நடத்தும் சிறு சேமிப்பு நிறுவனத்தில் போட்ட பணத்தைப் பதறிக்கொண்டு கேட்டு வந்த ஊர்மக்களுக்குக் கொடுத்துவிடுகிறான். தேவதை வந்து, அவன் பிறக்காமலேயே இருந்திருந்தால் ஊர் என்ன ஆகியிருக்கும் என்று காட்டுவது ஏறக்குறைய கடைசிப் பகுதியில்தான். அதைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். அதற்கு முன்னால், அவன் தந்தையின் சகோதரர் நிறுவனத்தின் 8,000 டாலரைத் தொலைத்துவிட்ட அந்தக் கிறிஸ்துமஸ் முந்தின நாள் மாலையில் ஜார்ஜ் வீட்டுக்குள் நுழையும் காட்சியை நீ கவனித்துப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். மகள் பியானோவில் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பழகிக்கொண்டிருக்கிறாள். அவன் சீறுகிறான், பொருட்களைத் தட்டிவிடுகிறான்; பிறகு திகைத்து நிற்கும் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டு, வாசிக்கச் சொல்கிறான்; அவளால் வாசிக்க முடிவதில்லை. வேலையிடத்துத் தொல்லையைச் சுமந்துகொண்டு வந்து உன்மேல் நான் கோபத்தைக் கொட்டிய மாலைகள் உண்டு. அந்தக் காட்சியை இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட நான் நிமிர்ந்து முழுதாகப் பார்த்ததில்லை. அன்று உன்னிடம் கேட்காமல் விட்ட மன்னிப்பை இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

ஜார்ஜாக நடித்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட், போரில் குண்டுவீச்சு விமானங்களை ஓட்டிவிட்டுத் திரும்பிய பின் நடித்த முதல் படம் அது. மதுக்கடையில் அமர்ந்து வழி தெரியாமல் வேண்டிக்கொள்ளும் இடத்தில் வந்த கண்ணீர் நடிப்புக்காக வரவழைத்தது அன்று, போக்கிடமற்ற மனிதர்களின் தனிமையை அந்த நேரத்தில் தான் உணர்ந்ததால் வந்தது என்று பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார். அந்தப் பனியோ முழுக்கச் செயற்கை. கோடை வெயிலில் படப்பிடிப்பு நடந்தது. அதுவரை படங்களில் பனிக்காக வெள்ளை பூசிய கார்ன்ஃப்ளேக்ஸைத் தூவி வந்தார்கள். கால் பட்டால் நொறுங்கும் சத்தத்தில் வசனத்தைப் பதிவு செய்ய முடியாது. காப்ராவின் குழு தீயணைப்பு நுரையைச் சோப்போடும் நீரோடும் கலந்து ஊதி, ஓசையின்றி விழும் பனியை உருவாக்கியது. பாலத்தின்மேல் அவன் தணிந்த குரலில் பேசுவது அதனால்தான் நம் காதுக்கு எட்டுகிறது.

இந்தக் கதை பிறந்த விதமும் உனக்குப் பிடிக்கும். ஃபிலிப் வான் டோரன் ஸ்டெர்ன் எழுதிய சிறுகதையை எந்தப் பதிப்பகமும் ஏற்காமல் போக, 1943இல் அவரே 200 பிரதிகள் அச்சிட்டு, கிறிஸ்துமஸ் வாழ்த்தாக வேண்டியவர்களுக்கு அனுப்பிவைத்தார். அப்படி வந்த படம் திரையரங்குகளில் நஷ்டப்பட்டது. 1974இல் பதிப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். இலவசமாகக் கிடைக்கிறது என்று தொலைக்காட்சி நிலையங்கள் ஒவ்வொரு டிசம்பரிலும் திரும்பத் திரும்ப ஒளிபரப்பின. கேட்பாரற்றுக் கிடந்த படம் அப்படித்தான் வீடுகளுக்குள் வந்து நிலைத்தது.

‘ஹோம் அலோன்’ (1990) உனக்கு மனப்பாடம். எட்டு வயதில் நீ திருடர்கள் வழுக்கி விழும் இடங்களைத் திரும்பத் திரும்ப ஓட்டச் சொல்லிச் சிரிப்பாய். தனியாக வாழும் இந்த வயதில், பக்கத்து வீட்டுக் கிழவர் மார்லிக்காக அதை ஒருமுறை பார். மகனோடு சண்டையிட்டுப் பேச்சற்றுப் போனவர், பேத்தி பாடுவதைக் கேட்பதற்காகத் தேவாலயத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார். தொலைபேசியில் அழைக்க வேண்டியதுதானே என்று, குடும்பத்தார் மறந்து வீட்டில் விட்டுப்போன சிறுவன் கெவின் கேட்கிறான். மகன் பேச மறுத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவரைத் தடுத்து வைத்திருக்கிறது. இறுதியில் அவர் பேத்தியைத் தூக்கி அணைப்பதைக் கெவின் ஜன்னல் வழியாகப் பார்க்கிறான், வசனமே இல்லாமல். கெவினின் தாயையும் கவனி. கிடைத்த விமானம், கிடைத்த வேன், முன்பின் தெரியாத இசைக்குழு என்று எதிலாவது ஏறி இரவு முழுக்கப் பயணம் செய்து வருகிறாள். முன்பதிவு செய்திருந்த விமானத்துக்குக் காத்திருந்த குடும்பத்தின் மற்றவர்கள் அவளுக்குச் சில நிமிடங்களுக்குப் பின்னால் வந்து நிற்கிறார்கள். உன் அம்மா அந்த இடத்தில், “அந்தச் சில நிமிடங்கள் போதும்” என்று சொல்வாள்.

டிக்கன்ஸ் 1843இல் எழுதிய கஞ்சனின் கதையைப் பலர் படமாக்கியிருக்கிறார்கள். எனக்கு 1992இல் வந்த ‘தி மப்பெட் கிறிஸ்மஸ் கேரல்’ போதும். துணிப் பொம்மைகள் நடுவே நிற்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல், மேடையில் பெரிய நாடகம் நடிப்பவரைப் போல மைக்கேல் கெய்ன் நடித்திருக்கிறார். அந்தப் பொம்மைகளை உருவாக்கிய ஜிம் ஹென்சன் 1990இல் இறந்துபோக, அவர் மகன் பிரையன் இயக்கிய படம் அது. ஒரு நாற்காலி காலியாக இருக்கும் காட்சியை நான் அந்த நினைப்போடுதான் பார்ப்பேன்.

சடோஷி கோன் 2003இல் எடுத்த அனிமேஷன் படமான ‘டோக்கியோ காட்ஃபாதர்ஸ்’ உனக்குப் புதிதாக இருக்கலாம். வீடற்ற மூவர், கிறிஸ்துமஸ் இரவில் குப்பைக்கு நடுவே கிடக்கும் குழந்தையை எடுத்து, அதன் பெற்றோரைத் தேடி அலைகிறார்கள். மூவரில் ஒருத்தி, வீட்டைவிட்டு ஓடிவந்த பள்ளி மாணவி. பனியில் நின்றுபோன ரயிலின் ஜன்னல் வழியே, பக்கத்து ரயிலில் தன் தந்தை உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறாள். இரண்டு கண்ணாடிகள்தான் நடுவில். ‘தி ஹோல்ட்ஓவர்ஸ்’ (2023) விடுமுறைக்கு ஊர் போக முடியாமல் பள்ளி விடுதியில் தங்கிவிட்ட மூவரின் கதை. போரில் மகனை இழந்த சமையற்காரி, அவனுடைய குழந்தைப் பருவத்துத் துணிகளைக் கருவுற்றிருக்கும் தங்கைக்கு எடுத்துச் சென்று கொடுக்கிறாள். அதை முதல் நாளே பார்க்க வேண்டாம். மனம் சற்றுத் தெளிவாக இருக்கும் பகலில் பார்.

எர்ன்ஸ்ட் லூபிச்சின் ‘தி ஷாப் அரவுண்ட் தி கார்னர்’ (1940) படத்தை மட்டும் 24ஆம் தேதி இரவுக்கு வைத்துக்கொள். புடாபெஸ்டில் ஒரு கடை. அடிக்கடி மோதிக்கொள்ளும் இரு விற்பனையாளர்கள், தாம் முகம் தெரியாமல் கடிதம் எழுதிக் காதலிப்பது ஒருவரையொருவர்தான் என்பதை அறியாமல் இருக்கிறார்கள். காதல் அழகாகத்தான் வந்திருக்கிறது. என் மனம் தங்குவது முதலாளி மட்டுச்செக்கிடம். மனைவியைப் பிரிந்தவர், அந்த இரவில் கடைவாசலில் பனியில் நின்று, வெளியேறும் ஒவ்வோர் ஊழியரிடமும் பேச்சுக் கொடுத்துப் பார்க்கிறார். ஒவ்வொருவருக்கும் போக ஓர் இடம் இருக்கிறது. கடைசியாக வருகிறான் ரூடி, புதிதாகச் சேர்ந்த எடுபிடிப் பையன். அவனுடைய பெற்றோர் வேறு ஊரில் இருக்கிறார்கள். அவர் அவனிடம் சூப்பையும் வறுத்த வாத்தையும் ஒவ்வொன்றாக வர்ணித்துப் பிடிக்குமா என்று கேட்க, அவன் முகம் மலர்ந்துகொண்டே போகிறது.

அன்று உன் நேரப்படி இரவு எட்டு மணிக்குப் படத்தைத் தொடங்கு. இங்கே எத்தனை மணியானாலும் அம்மாவும் நானும் விழித்திருந்து அதே நொடியில் தொடங்குகிறோம். ரூடி கடையிலிருந்து வெளியே வரும் இடத்தில் நிறுத்திவிட்டு எங்களை அழை. மிச்சத்தை மூவரும் சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அப்பா