புகார் சொன்ன பிள்ளையை யார் காப்பது? பள்ளிக் கல்வித்துறைக்கு ஒரு திறந்த மடல்

பள்ளிக் கல்வித்துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருந்து இதை எழுதுகிறேன்.

2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டான். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். சாதியைச் சொல்லிச் சீண்டிய சக மாணவர்களைப் பற்றிப் பள்ளியில் புகார் சொன்னதற்குக் கிடைத்த பதில் அது. அவன் செய்யவேண்டியதைச் செய்தான். புகாருக்கும் அவன் வீட்டு வாசலுக்கும் இடையில் காவலாக ஒருவரும் நிற்கவில்லை.

அதற்குப் பின், மாணவர்களிடையே சாதி வன்முறையைத் தடுக்க வழி சொல்ல அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. ஐந்நூறுக்கு மேல் மாணவர்கள் படிக்கும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்குப் பள்ளி நல அலுவலர் வேண்டும் என்றது. நல்ல பரிந்துரை. ஆனால் எங்களைப் போன்ற சிறிய பள்ளிகள் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. பட்டப்பெயர் வைப்பதும், சத்துணவு வரிசையில் ஒதுக்குவதும், கழிப்பறைக்குப் பின்னால் மிரட்டுவதும் தொடங்குவது இந்தச் சின்ன வகுப்புகளில்தான். எங்களிடம் இருப்பது, பிள்ளைகள் புகாரை எழுதிப் போடும் 'மாணவர் மனசு' பெட்டி ஒன்றுதான். எல்லோர் கண்ணும் படும் வராந்தாவில் அது தொங்கினால் எந்தப் பிள்ளை அதில் சீட்டுப் போடும்? அப்படியே போட்டாலும், பாடம் நடத்திவிட்டு எமிஸ் எனும் கல்வித்துறை இணையதளப் பதிவுகளோடு மல்லுக்கட்டும் ஆசிரியர்களுக்கு அதைப் பிரித்துப் பார்த்து விசாரிக்க நேரம் ஏது? அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆளே இல்லாத இடத்தில் அக்கறை மட்டும் எவ்வளவு தாங்கும்?

பெரிய செலவு எதையும் நாங்கள் கேட்கவில்லை. ஒன்றியத்துக்கு ஒரு பயிற்சி பெற்ற மனநல ஆலோசகரை நியமியுங்கள். வாரம் ஒருமுறை அவர் பள்ளிக்கு வரட்டும், பெட்டியின் சாவி அவரிடம் இருக்கட்டும். புகார் சொன்ன பிள்ளையின் பெயர் வகுப்பிலோ, காலை வணக்கக் கூட்டத்திலோ, எதிர்த்தரப்புப் பெற்றோரிடமோ வெளிவரக்கூடாது என்று எழுத்து வடிவில் ஆணை பிறப்பியுங்கள். இரு தரப்பையும் எதிரெதிரே நிற்கவைத்துக் கைகுலுக்கச் சொல்லும் வழக்கத்தை முதலில் நிறுத்துங்கள். அன்று மாலை அந்தப் பிள்ளைகள் ஒரே பஸ்ஸில்தான் வீடு திரும்புகிறார்கள். புகார் வந்த நாளிலிருந்து ஒரு மாதமாவது அந்தப் பிள்ளை வரும் வழி, போகும் வழி, உட்காரும் இடம் ஆகியவற்றைக் கவனிக்க ஓர் ஆசிரியரைப் பொறுப்பாக்குங்கள்.

சீண்டுகிற பிள்ளையும் எங்கள் ஊர்ப் பிள்ளைதான். மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டால் அவன் திருந்துவதில்லை, பள்ளிதான் மாறுகிறது. அவனோடும் ஆலோசகர் உட்கார்ந்து பேச வேண்டும்.

வரும் கல்வியாண்டு தொடங்குமுன் இதற்கான ஆணையை எதிர்பார்க்கிறோம். பெற்றோர் தரப்பிலிருந்து என்ன உதவி தேவை என்றும் அதிலேயே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோர் உறுப்பினர் ஒருவர்