முள் ஏறினால் உடனே சென்சாரை மாற்றாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய வேன்களின் பராமரிப்பு பற்றி உங்கள் நாளிதழில் வந்த குறிப்பில், இன்ஜின் சூட்டைக் காட்டும் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டால் முதலில் அதற்குத் தகவல் தரும் சென்சாரை மாற்றிப் பார்க்கச் சொல்லியிருந்தது. அது ஆபத்தான யோசனை. கோளாறு இன்ஜினைக் குளிர்விக்கும் கூலிங்கில் இருந்தால், சென்சாரை மாற்றிய நிம்மதியில் வண்டியை ஓட்டி, இன்ஜினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட் வளைந்த பிறகுதான் விஷயம் தெரியவரும்.

இன்ஜின் நிஜமாகவே சூடாகிறதா, முள் பொய் சொல்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தொடாமலே சூட்டை அளக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைத் தெர்மோஸ்டாட் (சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு) இருக்கும் ஹவுசிங் அருகே பிடியுங்கள். பளபளப்பான அலுமினியத்தில் அளவு குறைவாகக் காட்டும். கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி அதன்மேல் அளப்பது நல்லது. 85 முதல் 95 டிகிரி வரை இருந்தும் முள் சிவப்பில் நின்றால் கோளாறு சென்சார், வயரிங் பக்கம். 105-ஐத் தாண்டினால் இன்ஜினை நிறுத்திவிடுங்கள். ஆறும்வரை ரேடியேட்டர் மூடியில் கை வைக்கக் கூடாது.

அந்தப் பக்கம் என்றால், பல பழைய வேன்களில் சென்சார் இரண்டு என்பது நினைவிருக்கட்டும். ஒற்றை வயர் உள்ளது முள்ளுக்கு, இரண்டு வயர் உள்ளது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியூவுக்கு. இசியூ சென்சாரில் சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறையும். பெரும்பாலானவற்றில் 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம், 80 டிகிரியில் 300 ஓம் சுமார். வயர் அறுந்தால் இசியூ மைனஸ் 40 டிகிரி என்று எடுத்துக்கொண்டு பெட்ரோலைக் கொட்டும். கோளாறு படிக்கும் ஸ்கேனரில் பி 0118 என்ற கோடு வரும். இரவு முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யும் முன் ஸ்கேனர் காட்டும் கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) சூடும் இன்ஜின் உள்ளிழுக்கும் காற்றின் சூடும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த இரண்டு சென்சாரில் ஒன்று தப்பு.

ஹெட்லைட் போட்டதும் முள் சட்டென்று ஏறுகிறதா? சென்சாரை விடுங்கள், எர்த் வயரைப் பாருங்கள். லைட், ஃபேன் எல்லாம் ஓடும்போது இன்ஜின் பிளாக்குக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், பச்சை பூத்த அந்த எர்த் பட்டையைச் சுரண்டிச் சுத்தம் செய்யவோ மாற்றவோ வேண்டும்.

முள் ஏறுவதைவிடப் பயப்பட வேண்டியது, ஓடிக்கொண்டிருக்கும்போதே அது திடீரென்று கீழே விழுவது. கூலன்ட் வடிந்து சென்சார் காற்றில் தொங்கினால் அப்படித்தான் காட்டும். அதோடு ஹீட்டரும் குளிர்ந்த காற்றை ஊதினால் சந்தேகமே வேண்டாம், வண்டியை ஓரங்கட்டுங்கள். இன்ஜின் பின்னால் உள்ள வேன்களில் குழாய்கள் தரைக்கடியில் நீளமாக ஓடுவதால் துருவும் உண்டு, காற்றும் எளிதில் அடைத்துக்கொள்ளும். கூலன்ட் நிரப்பும்போது ரேடியேட்டர் இருக்கும் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்றை வெளியேவிடும் ப்ளீட் ஸ்குரூவில் குமிழி நிற்கும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும்.

சூடு நிஜம் என்றால், எப்போது ஏறுகிறது என்பதே பாதி விடை. நெரிசலில் மட்டும் ஏறினால் ரேடியேட்டர் ஃபேன். சூடேறியதும் ஃபேனை ஓடவிடும் சுவிட்சின் இரு முனைகளையும் ஒரு வயரால் இணையுங்கள். ஃபேன் சுற்றினால் சுவிட்ச் போயிற்று, சுற்றாவிட்டால் பியூஸ், ரிலே, மோட்டார். வேகமாக ஓடும்போது ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், அல்லது பம்ப் உறிஞ்சும்போது சப்பையாகும் ரேடியேட்டரின் கீழ் ஹோஸ். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல்லாக இறுகினால் சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையே உள்ள ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள்.

சில பட்டறைகளில் தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிகிறார்கள். இது கூடவே கூடாது. இன்ஜின் உரிய சூட்டுக்கு வராமல் எரிபொருள் வீணாகும். ரேடியேட்டரைத் தவிர்க்கும் பைபாஸ் வழியையும் தெர்மோஸ்டாட்டே மூடும் இன்ஜின்களில், கூலன்ட்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பி, பாரம் ஏற்றும்போது சூடு இன்னும் கூடும். தெர்மோஸ்டாட்டில் சந்தேகம் இருந்தால், அதைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். அதில் பொறித்திருக்கும் 82 அல்லது 88 டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்காவிட்டால் புதிது போடுங்கள். அதிலுள்ள சின்ன காற்று ஓட்டை மேல்பக்கம் வரும்படி பொருத்த வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாகன மெக்கானிக்